காரோ நண்பரிடம் அவருடைய அடையாளத்தைப் பற்றிப் பேசுவது எப்படி: துராவுக்குப் புதிதாக வருவோருக்கு

வங்கிப் பணியில் இடமாறுதலாகி மேகாலயாவின் துரா நகருக்கு நான் வந்து சேர்ந்தபோது, வீடு பார்த்துத் தரவும், எரிவாயு இணைப்பை மாற்றித் தரவும், எந்தக் கடையில் புழுங்கலரிசி கிடைக்கும் என்று சொல்லவும் ஆட்கள் இருந்தார்கள். பக்கத்து இருக்கையில் அமர்ந்து வேலை பார்க்கும், காரோ என்னும் பழங்குடியைச் சேர்ந்த நண்பரிடம் அவருடைய குலம், ஊர், சமயம் பற்றி எப்படிக் கேட்பது, அவர் திருப்பிக் கேட்டால் நான் என்ன சொல்வது என்பதைச் சொல்லித்தர மட்டும் ஒருவரும் இல்லை. முதல் ஆண்டில் நான் செய்த பிழைகளில் சிலவற்றை நண்பர்கள் பொறுத்துக்கொண்டார்கள். ஒன்றிரண்டு அவர்களை உண்மையிலேயே புண்படுத்தின. ஆசிரியராகவோ செவிலியராகவோ அரசு ஊழியராகவோ காரோ மலைக்கு வரும் தமிழர்களும், சென்னையிலோ வேலூரிலோ காரோ மாணவர் ஒருவரோடு அறையைப் பகிர்ந்துகொள்ளப் போகிறவர்களும் அதே பிழைகளைச் செய்ய வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. அவரை எந்தப் பெயரால் குறிப்பிடுவது என்று முதலில் கேளுங்கள்

"காரோ" என்பது பிறர் வைத்த பெயர். அவர்கள் தங்களை ஆச்சிக் என்றும், ஆச்சிக் மாண்டே என்றும் சொல்லிக்கொள்வார்கள். மலை மனிதர் என்பது அதன் பொருள். எல்லைக்கு அப்பால் வங்கதேசத்தின் மைமன்சிங், மதுப்பூர் பகுதிகளில் வாழ்வோர் பெரும்பாலும் மாந்தி என்ற பெயரை விரும்புகிறார்கள். ஆனால் அரசின் பழங்குடிப் பட்டியல், மாவட்டங்களின் பெயர்கள், துராவில் இயங்கும் காரோ மலைத் தன்னாட்சி மாவட்டக் கவுன்சில் என எழுத்தில் எங்கும் "காரோ" என்றே இருப்பதால், அந்தச் சொல்லைப் பலர் இயல்பாகவே பயன்படுத்துகிறார்கள். ஆகவே இந்தச் சொல் சரி, அந்தச் சொல் தவறு என்று நாமே தீர்மானித்துக்கொண்டு போக வேண்டாம். "உங்களை ஆச்சிக் என்று சொல்லட்டுமா, காரோ என்று சொல்லட்டுமா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டால் போதும். என் நண்பர்களில் ஒருவர் இரண்டும் ஒன்றுதான் என்றார். இன்னொருவர் தம் பாட்டியின் முன்னால் மட்டுமாவது ஆச்சிக் என்று சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

உச்சரிப்பில் ஒரு சிறு கவனம் தேவை. ஆச்சிக் மொழியில் ராக்கா என்று ஓர் ஒலி உண்டு. தொண்டையில் குரல் ஒரு கணம் அடைபட்டுத் திறப்பதுபோல் வரும் அந்த ஒலியை எழுத்தில் ஒரு நடுப்புள்ளியால் காட்டுவார்கள். தமிழ் எழுத்தில் அது வராது, நம் நாக்குக்கும் எளிதில் பிடிபடாது. நண்பரைச் சொல்லச் சொல்லிக் கேட்டுப் பழகுங்கள். நன்றி சொல்ல "மித்தேலா" என்ற ஒரு சொல்லை முதல் நாளே கற்றுக்கொள்ளலாம்.

தவிர்க்க வேண்டிய பொறி: முகத்தைப் பார்த்து "நேபாளியா, சீனாவா?" என்று கேட்பதும், "வடகிழக்கு ஆட்கள்" என்று பொதுவாகக் குறிப்பிடுவதும். விளையாட்டாகச் சொன்னாலும் இவற்றை அவர்கள் வாழ்நாளில் எத்தனை முறை கேட்டிருப்பார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். "வங்கதேசத்திலிருந்து வந்தவரா?" என்ற கேள்வியும் இங்கே குடியுரிமையைச் சந்தேகிக்கும் கேள்வியாகவே காதில் விழும். எல்லைக்கு அப்பால் உறவினர் இருந்தால் அவரே ஒருநாள் சொல்வார்.

2. குடும்பப் பெயரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஆவணங்களோடு வேலை செய்கிறவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போகவே கூடாது.

காரோ பெயர்களின் இறுதியில் சங்மா, மரக், மொமின், ஷிரா, அரெங் என்று ஏதேனும் ஒன்றைக் காண்பீர்கள். இவை பெருங்குலங்கள். இவற்றுக்குள்ளே மாச்சோங் எனப்படும் தாய்வழிக் குலங்கள் பல உள்ளன. ஒருவருடைய உண்மையான உறவு வட்டம் அந்த மாச்சோங்கில்தான் தொடங்குகிறது. குழந்தை தாயின் மாச்சோங்கையும் தாயின் குலப்பெயரையும் பெறுகிறது. திருமணத்துக்குப் பின் மனைவி தன் பெயரை மாற்றிக்கொள்வதில்லை. ஆகவே தந்தை மரக் என்றும், தாயும் பிள்ளைகளும் சங்மா என்றும் இருப்பது இங்கே மிகவும் சாதாரணம்.

நாடறிந்த ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 1996 முதல் 1998 வரை மக்களவைத் தலைவராக இருந்த பி. ஏ. சங்மாவின் முழுப்பெயர் பூர்ணோ அகிடோக் சங்மா. அவருடைய மகனும் மேகாலயா முதலமைச்சருமான கான்ராட் சங்மாவின் முழுப்பெயர் கான்ராட் கோங்கல் சங்மா. தந்தையின் நடுப்பெயரான அகிடோக் மகனுக்கு வரவில்லை. கோங்கல் என்ற மாச்சோங் பெயர் தாயின் வழியில் வந்தது. தாயும் சங்மா என்பதால் இறுதிப் பெயர் மட்டும் தந்தைக்கும் மகனுக்கும் ஒன்றாக இருக்கிறது. இந்த ஓர் எடுத்துக்காட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், எந்தக் காரோ பெயரைப் பார்த்தாலும் அதில் தாய்வீடு எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

எனக்கு அது தெரியாத காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மலைக்கிராமத்திலிருந்து ஒருவர் தம் மகளுக்குக் கணக்குத் தொடங்க வந்தார். படிவத்தில் தந்தை பெயர் மரக் என்றும், குழந்தை பெயர் சங்மா என்றும் இருந்தன. பெயர் பொருந்தவில்லை என்று சொல்லி, நோட்டரி உறுதிமொழிப் பத்திரம் கொண்டுவரும்படி திருப்பி அனுப்பிவிட்டேன். அவர் எதிர்த்துப் பேசவில்லை. படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். மூன்றாம் நாள் முத்திரைத்தாளோடு திரும்பி வந்தபோது, பக்கத்து இருக்கை நண்பர் என்னிடம் மெல்லிய குரலில், "அடா, அவருடைய பெயர் அவர் மகளுக்கு எப்படி வரும்? அவள் அம்மாவின் பிள்ளை அல்லவா?" என்றார். அடா என்றால் அண்ணன். அந்த மனிதர் இழந்தது இரண்டு நாள் கூலியும், இரண்டு முறை வண்டிக்கட்டணமும், பத்திரச் செலவும். அதைவிட, தம் மகளுக்குத் தாம் தகப்பன்தான் என்று ஒரு வெளியூர்க்காரனுக்கு எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது.

ஆகவே பள்ளிச் சேர்க்கையிலோ மருத்துவமனையிலோ வங்கியிலோ நீங்கள் அமர்ந்திருந்தால், தந்தை பெயரும் பிள்ளை பெயரும் வேறுபடுவதைக் குறையாகக் கருதாதீர்கள். பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் இருவர் பெயரும் இருக்கும். அதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். கவனிக்க வேண்டியது எழுத்துக்கூட்டல்தான். மாச்சோங் பெயரை ஓர் ஆவணத்தில் முழுமையாகவும் மற்றொன்றில் ஒற்றை எழுத்தாகவும் எழுதுவதால், பின்னாளில் உண்மையான சிக்கல் அங்கேதான் வருகிறது. காரோ நண்பர் வெளிமாநிலக் கல்லூரிக்கோ வேலைக்கோ விண்ணப்பிக்கிறார் என்றால், எல்லா ஆவணங்களிலும் பெயர் ஒரே வடிவில் இருக்கிறதா என்று பார்க்க முன்கூட்டியே உதவுங்கள். திருத்தம் செய்ய வேண்டியிருந்தால் அதற்கு வாரங்கள் பிடிக்கும்.

பொறி: சங்மா என்ற பெயரைக் கேட்டவுடன் "முதலமைச்சருக்கு உறவா?" என்று கேட்பது. ஆயிரக்கணக்கானோர் தாங்கும் பெயர் அது.

3. கேட்பதற்கு முன் உங்களைச் சொல்லுங்கள்

நம்மில் பலர் செய்யும் பிழை, எதிரில் இருப்பவரை நேர்காணல் செய்வதுபோலக் கேள்விகளை அடுக்குவது. உங்களைப் பற்றிய ஒரு செய்தியோடு தொடங்கினால் பேச்சு தானே நகரும். அதற்கு மிகப் பொருத்தமானது நம்முடைய பெயர் முறைதான். என் பெயருக்கு முன்னால் இருக்கும் ஓர் எழுத்து என் தந்தையின் பெயரைக் குறிக்கிறது என்றும், தமிழ்நாட்டில் பெரும்பாலோர் குடும்பப் பெயர் வைத்துக்கொள்வதில்லை என்றும் நண்பரின் வீட்டில் விளக்கியபோது, அவருடைய பாட்டி நெடுநேரம் யோசித்துவிட்டுக் கேட்ட கேள்வி இது: "அப்படியானால் உன் பெயரில் உன் அம்மா எங்கே?" என்னிடம் விடை இல்லை. தாயின் பெயரையும் தலைப்பெழுத்தாக இடலாம் என்று தமிழ்நாட்டில் அரசாணை இருப்பதைச் சொன்னேன். நான் இட்டுக்கொள்ளவில்லை என்பதையும் சொன்னேன். அன்று மாலை அவர் தம் மாச்சோங்கின் கதையை முழுவதும் சொன்னார்.

உங்களிடமும் "உன் மாச்சோங் எது?" என்று கேட்பார்கள். இந்த இடத்தில் தமிழர்களுக்கு ஒரு தயக்கம் எழும், ஏனெனில் அந்தக் கேள்வி நம் காதில் சாதி கேட்பதுபோல விழும். ஒருவரிடம் அதைக் கேட்பதே இழிவு என்று நம்மில் நல்லவர்கள் பழகியிருக்கிறோம். அந்தப் பழக்கம் நல்லதுதான். ஆனால் மாச்சோங்குகளுக்கிடையே மேல் கீழ் கிடையாது, தொட்டால் தீட்டு என்பது கிடையாது. யார் யாருக்கு உடன்பிறப்பு முறை, யார் யாரை மணக்கக் கூடாது என்பதை அறிவதற்கே அந்தக் கேள்வி. ஒரே குலத்துக்குள் மணம் கூடாது என்பது அவர்களுடைய பழைய விதி. இன்று அதில் தளர்வுகள் உண்டு என்றாலும், முதியவர்கள் இன்னும் கருத்தோடு கேட்கிறார்கள். "எங்களிடம் மாச்சோங் இல்லை; என் அம்மாவின் ஊர் இது, அவருடைய அம்மாவின் ஊர் இது" என்று சொல்லுங்கள். அவர்களுக்கு அது நிறைவான விடை. சாதிப் பெயரைச் சொல்லி அதை மாச்சோங்குக்கு இணையாக்க வேண்டாம். அப்படிச் சொல்வது உண்மையும் ஆகாது.

4. தாய்வழி என்பதைத் தாயாட்சி என்று சொல்லாதீர்கள்

"இங்கே பெண்கள் ஆட்சிதானே?" என்ற கேள்வியை எந்தக் காரோ ஆணிடமும் பெண்ணிடமும் கேட்காதீர்கள். ஆணுக்கு அது கேலியாகவும், பெண்ணுக்குத் தம் உண்மை நிலையை அறியாத பேச்சாகவும் படுகிறது.

நடைமுறை இதுதான். குடும்பச் சொத்துக்கு உரியவளாகப் பெற்றோர் ஒரு மகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவள் நொக்னா. அவளை மணந்து அந்த வீட்டுக்கு வருபவர் நொக்ரோம். சொத்து பெண்ணின் வழியில் இறங்கும். அதை நிர்வகிப்பது கணவரே. ஆயினும் அவர் தம் விருப்பப்படி அதை விற்க முடியாது. மனைவியின் குலத்தைச் சேர்ந்த ஆண்கள், அதாவது அவளுடைய மாமன்மாரும் உடன்பிறந்தாரும், ச்ரா என்ற பெயரில் முக்கிய முடிவுகளில் சொல்லுரிமை உடையவர்கள். ஆக்கிங் எனப்படும் குலநிலத்துக்குத் தலைமை ஏற்கும் நொக்மாவும் பெரும்பாலும் ஆணே. அந்த உரிமை அவருக்கு மனைவியின் வழியாக வருகிறது. ஊர்க்கூட்டத்திலும் சட்டமன்றத்திலும் பெண்களின் எண்ணிக்கை குறைவு என்று காரோ பெண்களே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

தமிழருக்கு இங்கே ஒரு நல்ல நுழைவாயில் உண்டு. மரபுப்படி நொக்ரோமாக வருபவர், நொக்னாவின் தந்தையுடைய சகோதரியின் மகன், அல்லது தந்தையின் குலத்தில் நெருங்கிய ஒருவர். அதாவது நம் கணக்கில் அத்தை மகன். அவருக்கு அவள் மாமன் மகள். தாயின் சகோதரரை அவர்களும் மாமா என்றே அழைக்கிறார்கள். என் ஊரில் மாமன் மகளைக் கட்டும் வழக்கத்தைச் சொன்னபோது, வட இந்திய நண்பர்கள் முகம் சுளித்த அதே மேசையில், காரோ நண்பர்கள் இருவரும் "எங்களுக்கும் அப்படித்தான்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். ஆனால் ஒற்றுமையை அந்த அளவில் நிறுத்துங்கள். நம்மிடம் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிறாள். அங்கே மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார்.

என் மிகப் பெரிய பிழை நிகழ்ந்ததும் இதில்தான். நொக்ரோம் என்றால் என்ன என்று நண்பர் விளக்கியதும், எங்கள் ஊரில் அதை வீட்டோடு மாப்பிள்ளை என்போம் என்று சொல்லி, அந்தச் சொல்லோடு நாம் சேர்த்துச் சிரிக்கும் சிரிப்பையும் சிரித்துவிட்டேன். அவர் தந்தை ஒரு நொக்ரோம். இளவயதில் தம் ஊரை விட்டு வந்து, மனைவியின் முதிய பெற்றோரைக் கடைசி நாள்வரை பேணி, அந்த வீட்டின் வயலையும் பாக்குத்தோட்டத்தையும் ஒற்றை ஆளாகக் காத்தவர். நண்பர் மறுநாள் என்னோடு தேநீர் அருந்த வரவில்லை. இரண்டு வாரம் கழித்து நான் அவர் வீட்டுக்குப் போய், அந்தச் சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் இருக்கும் இழிபொருளையும், அது தவறு என்று நான் உணர்ந்ததையும் வெளிப்படையாகச் சொன்னேன். பிழை செய்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அடுத்த நாளே போய்ச் சொல்லுங்கள்.

5. காசி மக்களோடு சேர்த்துப் பேசாதீர்கள்

காசி என்பது இங்கே ஊரின் பெயர் அன்று, மேகாலயாவின் இன்னொரு பழங்குடியின் பெயர். இரு மக்களும் ஒரே மாநிலத்தில் இருக்கிறார்கள், இருவரும் தாய்வழியினர் என்பதோடு ஒற்றுமை ஏறக்குறைய முடிகிறது. காசி மொழி ஆஸ்திரோ ஆசிய இனம். காரோ மொழி திபெத்திய பர்மிய இனம், போடோ மொழிக்கு உறவு. ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. காசியரிடம் கடைசி மகளே வீட்டுக்கு உரியவள். காரோவில் பெற்றோர் தேர்ந்தெடுக்கும் மகள். காரோவுக்குள்ளேயும் ஆவே, அம்பெங், மாட்சி, துவால் என்று பிரிவுகளும் வட்டாரப் பேச்சுகளும் உள்ளன. அத்தோங் என்னும் பிரிவினரின் பேச்சு மற்றவர்களுக்கு எளிதில் விளங்காது. எனவே "உங்கள் வீட்டில் எந்தப் பேச்சு?" என்று கேட்பது நல்ல கேள்வி. பலர் அதற்கு மகிழ்ச்சியோடு விடை சொல்கிறார்கள்.

6. சமயத்தைப் பற்றிய பேச்சுக்கு நேரம் பாருங்கள்

காரோ மக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர். பாப்திஸ்துகளும் கத்தோலிக்கரும் மிகுதி. பழைய சமயத்தைப் பின்பற்றும் சோங்சாரெக் மக்கள் எண்ணிக்கையில் குறைந்துவிட்டார்கள். கிறிஸ்தவ நண்பரிடம் "உங்கள் உண்மையான மதம் எது?" என்று கேட்பது, அவருடைய நம்பிக்கையை மேற்பூச்சு என்று சொல்வதாகும். மூன்று, நான்கு தலைமுறைகளாக ஆலயத்தில் பாடி வளர்ந்தவருக்கு அதுவே உண்மையான சமயம். சோங்சாரெக் முதியவரிடம் கதை கேட்கும் வாய்ப்புக் கிடைத்தால், அதை அருங்காட்சியகப் பொருளைப் பார்ப்பதுபோல் பார்க்காதீர்கள். தெற்கு காரோ மலையில் உள்ள பால்பக்ரம் இறந்தோரின் ஆவிகள் தங்கும் இடம் என்பது அவர்கள் நம்பிக்கை. அங்கே சுற்றுலா செல்பவர்கள் அதைப் பேய்க்கதையாக்கிப் பேசும்போது, உடன் வந்த காரோ நண்பர் மௌனமாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

நாள்களைப் பொறுத்தவரை மூன்றை நினைவில் கொள்ளுங்கள். ஞாயிறு முற்பகலில் யாரையும் தேடிப் போக வேண்டாம். கடைகளும் பெரும்பாலும் மூடியிருக்கும். டிசம்பர் 12 அன்று, 1872இல் ஆங்கிலேயரை எதிர்த்து உயிர்விட்ட பா தோகன் சங்மாவை நினைவுகூர்கிறார்கள். அறுவடைக்குப் பின் சூரியனும் விளைச்சலும் சார்ந்த தெய்வமான மிசி சால்ஜோங்குக்கு நன்றி சொல்லும் வாங்காலா வரும். துராவுக்கு அருகே அசனாங் என்னும் இடத்தில் 1976இல் தொடங்கிய நூறு முரசு வாங்காலா விழா நவம்பரில் நடைபெறுகிறது. முதன்முறை பார்ப்போருக்கு அது எளிய வாய்ப்பு. அந்த வாரத்தில் துராவில் அறை கிடைப்பது கடினம் என்பதால், வெளியூர் நண்பர்களை அழைப்பதாக இருந்தால் ஒரு மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். பல கிறிஸ்தவர்கள் வாங்காலாவைத் தம் பண்பாட்டு விழாவாகக் கொண்டாடுகிறார்கள், சிலர் விலகி நிற்கிறார்கள். உங்கள் நண்பர் எந்தப் பக்கம் என்று தெரியாமல் "நீங்கள் ஏன் ஆடவில்லை?" என்று கேட்காதீர்கள்.

7. வீட்டுக்கு அழைத்தால்

செலவு பெரிதில்லை. பழமோ, பிஸ்கட்டோ, நல்ல தேயிலையோ கொண்டு போனால் போதும். ஊரிலிருந்து வரும்போது முறுக்கோ அதிரசமோ கொண்டுவந்திருந்தால் அதைவிடச் சிறப்பு. விலை மிகுந்த பரிசு அவர்களுக்குச் சுமையாகிவிடும், திருப்பிச் செய்ய வேண்டுமே என்று கவலைப்படுவார்கள்.

உணவைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை. காரோ சமையலில் பன்றி இறைச்சிக்கும் மாட்டிறைச்சிக்கும் இடமுண்டு. நீங்கள் உண்ணாதவர் என்றால், அழைப்பு வந்த அன்றே சொல்லுங்கள். தட்டில் பரிமாறிய பின் மூக்கைச் சுருக்குவதைப்போல வேறொன்றும் புண்படுத்தாது. நாகாம் என்ற உலர்மீனின் மணம் முதலில் கடுமையாகத் தோன்றலாம். கருவாட்டுக் குழம்பில் வளர்ந்தவர்களுக்கு அது வீட்டு மணமாகிவிட அதிக நாளாகாது. கால்டா என்று அவர்கள் சமைக்கும் புளிப்புக்கீரையை நான் முதலில் உண்டபோது, நம் ஊர்ப் புளிச்சக்கீரையின் சுவை அப்படியே நாக்கில் வந்தது. சொன்னேன். நண்பரின் பாட்டியை அம்பி என்று அழைப்பது அங்குள்ள வழக்கம். அந்த அம்பி அடுப்படிக்கு எழுந்து போய், ஒரு கொத்துக் கீரையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, இலையைக் கிள்ளிக் கசக்கி முகரச் சொன்னார். தண்டின் செம்மை, இலையின் மூன்று பிளவு, விரலில் ஒட்டிய புளிப்பு எல்லாம் என் அம்மா ஆய்ந்து வைக்கும் கீரையாகவே இருந்தன. அடையாளம் பற்றி நான் அதுவரை கேட்ட எந்தக் கேள்விக்கும் கிடைக்காத அளவு பேச்சு, கீரை ஆய்ந்த அந்த ஒரு மணி நேரத்தில் கிடைத்தது. ஆகவே முன்னறையில் அமர்ந்து கேட்காதீர்கள். ஏதேனும் ஒரு வேலையில் கைகொடுத்துக்கொண்டே பேசுங்கள்.

சூ என்ற அரிசி மது எல்லா வீட்டிலும் இருக்கும் என்று எண்ணிக் கேட்க வேண்டாம். பல கிறிஸ்தவக் குடும்பங்களில் அது விலக்கு.

8. நிலம், ஒதுக்கீடு, வரி: தெரிந்துகொண்டு பேசுங்கள்

பிற பண்பாட்டு நண்பர்கள் கூடும் இடத்தில் பேச்சு சண்டையாக மாறுவது பெரும்பாலும் இந்த மூன்றில்தான். விதிகளை அறியாமல் கருத்துச் சொல்லாதீர்கள்.

நிலம்: 1971ஆம் ஆண்டு மேகாலயா நிலமாற்ற ஒழுங்குமுறைச் சட்டப்படி, பழங்குடியினரின் நிலம் உரிய அனுமதியின்றிப் பிறருக்குக் கைமாற முடியாது. வாடகைக்கு வாழலாம், அதற்கு அடையாள அட்டை நகலும் பணியிடக் கடிதமும் ஆயத்தமாக வைத்திருங்கள். "உங்கள் பெயரில் ஒரு மனை வாங்கித் தருகிறீர்களா?" என்று நண்பரிடம் கேட்கவே கேட்காதீர்கள். நட்பின் பெயரால் சட்டத்தை மீறச் சொல்வது மட்டுமன்று, அவர்களுடைய குலநிலம் எப்படிக் கைவிட்டுப் போகுமோ என்று அவர்கள் அஞ்சுகிறார்களோ அந்த வழியையே திறந்துவிடச் சொல்வதும் ஆகும்.

ஒதுக்கீடு: 1972ஆம் ஆண்டின் மாநில வேலை ஒதுக்கீட்டுக் கொள்கை காரோவுக்கு 40 விழுக்காடும், காசி, ஜைந்தியா பழங்குடிகளுக்குச் சேர்த்து 40 விழுக்காடும் வழங்கியது. 2023இல் இதை மறுஆய்வு செய்யக் கோரி ஷில்லாங்கில் போராட்டம் நடந்தது. காசி நண்பரும் காரோ நண்பரும் ஒரே மேசையில் இருக்கும்போது, மூன்றாமவராகிய நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று: மேகாலயாவில் பெற்ற பழங்குடிச் சான்றிதழைக் கொண்டு தமிழ்நாட்டின் மாநில ஒதுக்கீட்டைக் கோர முடியாது, பழங்குடிப் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. சென்னையில் உடன் படிக்கும் காரோ மாணவர் "சலுகையில் வந்தவர்" என்று பேசுவோரிடம் இதைச் சொல்லுங்கள்.

வரி: வருமான வரிச் சட்டத்தின் 10(26) பிரிவு என்று இங்கே எல்லோரும் குறிப்பிடும் விலக்கு, குறிப்பிட்ட பகுதிகளில் வாழும் பழங்குடியினர் அந்தப் பகுதிகளில் ஈட்டும் வருமானத்துக்கு உரியது. பெங்களூரில் வேலை பார்க்கும் காரோ இளைஞர் அங்கே பெறும் சம்பளத்துக்கு நம்மைப்போலவே வரி கட்டுகிறார். துராவில் வைப்புநிதி வட்டிக்கு வரி பிடிக்காமலிருக்க வாடிக்கையாளர் பழங்குடிச் சான்றிதழ் நகலைக் கொடுக்க வேண்டும். நிதியாண்டுத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடச் சொல்லுங்கள். பிடித்த பின் திரும்பப் பெறக் கணக்குத் தாக்கல் செய்து மாதக்கணக்கில் காத்திருக்க நேரும்.

9. உங்கள் நண்பர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தும்போது

காரோ நண்பரை நான் விடுமுறையில் ஊருக்கு அழைத்துவந்தபோது, அவருக்காக நானே எல்லாவற்றையும் விளக்கத் தொடங்கினேன். தாய்வழி, நொக்னா, வாங்காலா என்று கற்றதையெல்லாம் ஒப்பித்தேன். அவர் என் அருகில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். இரவில், "நீங்கள் சொன்னதெல்லாம் சரிதான், ஆனால் நான் கால்பந்து ஆடுகிறவன், கிதார் வாசிக்கிறவன் என்று ஒரு சொல்கூடச் சொல்லவில்லையே" என்றார். அன்றிலிருந்து பெயர், வேலை, அவருக்குப் பிடித்தது ஆகியவற்றோடு நான் நிறுத்திக்கொள்கிறேன். மீதியைச் சொல்வதா வேண்டாமா என்பது அவர் விருப்பம்.

பயணத்துக்கு முன் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். உங்கள் வீட்டாரிடம் முகத்தையோ உணவையோ பற்றிக் கேட்கக் கூடாத கேள்விகளைச் சொல்லிவையுங்கள். விடுதியில் தங்குவதாக இருந்தால் அவருடைய ஆதார் அல்லது வாக்காளர் அட்டையை அசலாகவே கொண்டுவரச் சொல்லுங்கள். மேகாலயா இந்தியாவில் இருக்கிறது என்பதை வரவேற்பறையில் விளக்க வேண்டிய நிலை எங்களுக்கு ஒருமுறை வந்தது. மூன்றாவது, உறவினர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அவரைக் காட்சிப்பொருளாக்கிப் படம் எடுக்க விடாதீர்கள்.

படம் பற்றி இன்னும் ஒரு சொல். டக்மண்டா என்னும் மரபு உடையை உடுத்திய பெண்களையும், முரசோடு நிற்கும் முதியவர்களையும், மரபு வீட்டின் முன் நடப்பட்ட கிமா என்னும் நினைவுக் கம்பங்களையும் கண்டால் கைபேசியை எடுக்கத் தோன்றும். கிமா ஒவ்வொன்றும் இறந்துபோன ஒருவருக்காக நடப்பட்டது. அது யாருடையது என்று வீட்டாரிடம் கேளுங்கள், அவர்கள் பெயரைச் சொன்ன பிறகு, படம் எடுக்கலாமா என்று கேளுங்கள்.